பக்கம் திருப்புமுன் வந்த பதில்

என்னைக் கெட்டிக்கார டீச்சர் என்று சொல்பவர்கள் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் என் வகுப்பில் இருந்தாள். பதினோரு வயது. ஐந்துக்கு மேல் எண்ண வராது. சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டு வருவாள். வரிசை மட்டும் அவளுக்கு மறக்காது. லயத்து வரிசை வீடுகளில் எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு, யார் வாசலில் என்ன நிறச் செருப்பு, எல்லாம் ஒப்பிப்பாள். டவுன் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு ஒன்று இருந்தது. அங்கே இடம் கிடைத்தால் தனியாகக் கடைக்குப் போய், பஸ் ஏறி இறங்கும் அளவுக்காவது அவளைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்கு அதிகாரி ஒருவர் வந்து சோதித்து, இவளுக்கு உதவி தேவை என்று எழுதவேண்டும்.

சோதனை மலாயில். அவளுக்கு வீட்டுத் தமிழ் மட்டும்தான் தெரியும். தமிழில் கேட்க ஆளில்லையா என்று விசாரித்தேன், இல்லை என்றார்கள். மலாய் புரியாமல் விழித்தால், மொழிதான் பிரச்சினை, இன்னும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் மலாய் சொல்லிக்கொடுத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன்.

அது பாதிதான் உண்மை. சோதனை என்று வந்துவிட்டால் பிள்ளை தேறியாகவேண்டும்; எங்களுக்கு வேறு விதமாக யோசிக்கத் தெரியாது. பள்ளியின் பெயரைக் காப்பாற்றுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். கொழுந்து வெட்டும் வேலை முடிந்து, ஈரத் துணியோடு அவள் அம்மா வந்து நின்றாள்.

“டீச்சர், எம்புள்ளய மக்குன்னு மட்டும் எழுத விட்டுறாதீங்கலா.”

அப்படி எழுதினால்தான் அவளுக்கு இடம் கிடைக்கும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

படத்தைக் காட்டி மலாயில் பெயர் கேட்பதுதான் சோதனை. அதிகாரி கொண்டுவரும் படப் புத்தகம் வருடா வருடம் ஒன்றேதான். எனக்கே மனப்பாடம். மூன்று வாரம் பள்ளி முடிந்ததும் அவளை உட்காரவைத்துப் பழக்கினேன். குடைக்குப் பாயோங், கடிகாரத்துக்கு ஜாம், ஆட்டுக்குக் கம்பிங். கடைசிப் பக்கம்வரை ஒரு சொல் தவறாமல் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சோதனை நாளில் நான் சாட்சியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் படத்துக்குப் பாயோங் என்றாள். அதிகாரி பக்கத்தைத் திருப்பக் கை வைத்தபோதே ஜாம் என்றாள். அடுத்த பக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் கம்பிங். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரிக்கு அது சுறுசுறுப்பாகத் தெரிந்தது.

“பண்டாய்,” என்றார். கெட்டிக்காரி.

பக்கங்களை வரிசை மாற்றிக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. மலாயும் நன்றாக வருகிறது, தனி உதவி தேவையில்லை என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் அம்மா ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்தாள்; அதையும் குடித்தேன்.

இடைநிலைப் பள்ளியில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தெரிந்துகொண்டே பதில் சொல்ல மறுக்கிறாள், திமிர் என்றார்கள். அறிக்கைதான் கெட்டிக்காரி என்கிறதே. மறுபடி சோதிக்கச் சொல்லி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாக என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார். அதற்குள் அவள் பள்ளியை விட்டே நின்றுவிட்டாள்.

போன மாதம் ரிங்லெட் டவுன் கடைத்தெருவில் தாயும் மகளும் எதிரே வந்தார்கள். இப்போது வளர்ந்த பெண். பொத்தான் இன்னும் மாறித்தான் இருந்தது. அம்மாவின் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. நேராக நிமிர்ந்து நின்று ஆரம்பித்தாள். பாயோங், ஜாம், கம்பிங். நடுரோட்டில், ஒன்று விடாமல்.

“இன்னும் மறக்கல பாருங்க டீச்சர்,” என்றாள் அம்மா, பெருமையாக.

முடித்துவிட்டு அவள் என் முகத்தையே பார்த்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பண்டாய் என்றேன்.