சாயப்பட்டறைக்கு ஒரு விளக்கு

அறுபதுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். ஆபீஸ் முன்பக்கம், சாயப்பட்டறை பின்பக்கம். பட்டறைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விடும் மோட்டாரின் சுவிட்ச் என் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. பின்னாலிருந்து கத்தினால் போடுவேன், மறுபடி கத்தினால் நிறுத்துவேன். நடுவில் பனியன் மெஷின்கள் ஓடும்போது பாதிக் கத்தல் கேட்காது.

ஒரு நாள் கேட்கவே இல்லை. தொட்டி வழிந்து சுடுசாயம் சாயக்காரரின் காலில் கொட்டியது. யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முதலாளி கோயமுத்தூரிலிருந்து டெலிபோன் விற்கிறவரை வரவழைத்தார். ஆபீசிலிருந்தே பட்டறையோடு பேசலாமாம். அவர் மாதிரிக்கு வைத்துவிட்டுப் போன பளபளவென்ற கறுப்புப் பெட்டி முதலாளிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"ஒரு நாள் பொறுங்க முதலாளி. பட்டறையில நின்னு பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றேன்.

மறுநாள் காலையிலிருந்து மதியம்வரை அங்கே நின்றேன். கொதிகலன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. எல்லோருக்கும் முழங்கை வரை ஈரம். இதில் யார் டெலிபோனை எடுத்துக் காதில் வைப்பது?

சாயக்காரரின் வீட்டுக்குப் போனேன். காலில் கட்டோடு கட்டிலில் இருந்தார். "உங்களுக்கு எது சௌகரியமுங்க?" என்று கேட்டேன்.

"கையத் தொடைக்கவே நேரமிருக்காதுங்க அம்மணி. ஒரு கயிறு தொங்குனாப் போதும், இழுத்து உட்டுருவேன்."

எங்கள் மெக்கானிக் பாய் அப்படியே செய்து கொடுத்தார். பட்டறையில் உயரத்தில் ஒரு சுவிட்ச், அதிலிருந்து தொங்கும் இரண்டு நூல்கயிறுகள். என் மேசைக்கு மேலே கயிற்றுக்கு ஒன்றாக இரண்டு பல்புகள். பச்சை எரிந்தால் தண்ணீர் விட வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும்.

"கலியாண ஊடு மாதிரியல்லோ இருக்குது!" என்று முதலாளி சிரித்தார்.

"சிரிங்க முதலாளி. ஆனா ஒரு வாரம் உடுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் சிவப்பு பல்பு பியூஸ் ஆகிவிட்டது. பட்டறையில் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் சந்தேகப்பட்டு ஓடிப் பார்த்தபோது தண்ணீர் விளிம்பைத் தொட்டிருந்தது. திரும்பி ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினேன். ஆனாலும் டெலிபோனுக்குச் சரி சொல்ல மனமில்லை.

"சிவப்பே வேண்டாமுங்க பாய். பச்சை எரியற வரைக்கும் மோட்டார் ஓடட்டும். அணைஞ்சா நிறுத்திடறேன். பல்பு போனாலும் நிறுத்தத்தானே செய்வேன்?"

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்று பாய் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்றே மாற்றினோம். வாரம் முடிந்ததும் முதலாளி தானே அந்தக் கறுப்புப் பெட்டியைக் காகிதத்தில் சுற்றி, கோயமுத்தூர் பஸ்ஸில் திருப்பி அனுப்பினார். நான் அந்த வேலையில் இருந்தவரை தொட்டி வழியவே இல்லை.