ஒரே தோளுக்கு ரெண்டு கை

ஜாக்கெட் தைக்கிற தொழிலில் தைக்கிற நேரத்தைவிடப் பிரிக்கிற நேரம்தான் அதிகம் என்பது, பாதி பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு கண் பூத்துப்போன டெய்லர்கள் உங்களுக்கெல்லாம் நான் சொல்லியா தெரியணும்? அதிலும் நான் ஒரு படி மேல். எண்பத்தாறில் ராஜபாளையத்தில் வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து, தைத்த ஒரு ஜாக்கெட்டைப் பார்த்தாவது ‘நல்லாத்தான் இருக்கு’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது கிடையாது.

மூன்றாவது தடவை

எனக்குக் கொக்கி கட்டவும் ஹெம்மிங் பண்ணவும் பக்கத்துத் தெரு ரோஸக்கா வரும். என்னைவிடப் பத்து வயசு மூப்பு. அக்கா வேலையை முடித்து மடித்து வைத்ததை நான் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கழுத்துப் பட்டி ஒரு நூல் தள்ளியிருக்கும். அவ்வளவுதான்! ‘சீ, நீயெல்லாம் ஒரு டெய்லரா’ என்று என்னை நானே வைதுகொண்டு பிளேடை எடுத்துவிடுவேன். அக்கா கட்டிய கொக்கியும் அதோடு சேர்ந்து போகும்.

ஒருநாள் ஒரே ஜாக்கெட்டுக்கு மூன்றாவது தடவையாகக் கொக்கி கட்டிய அக்கா, ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னது:

“ஏட்டி செண்பகம், வாடிக்கைக்காரி வைதாக்கூட நாளைக்கு மறந்துருவா. நீ ஒன்னையவே வையுத வசவைக் கேட்டுக் கேட்டு எனக்குல்ல காது புளிச்சுப்போச்சு!”

ஆடிப்பூரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் நெருங்கினால் நம்ம பாடு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தளவாய்புரத்தில் இருந்து ஓர் அம்மா, தேருக்குக் கட்டுவதற்கென்றே எடுத்த பச்சைப் பட்டின் ஜாக்கெட்டைக் கொடுத்திருந்தார். முந்தின நாளே தைத்து முடித்தாயிற்று. கொடுத்துத் தொலைத்திருக்கலாம். கை பார்டர் ஒன்று மயிரிழை ஏறி நிற்கிற மாதிரி ஒரு சந்தேகம். காலையில் அந்தம்மா வந்து நிற்கும்போது ஜாக்கெட் வேறு, கை வேறாகக் கிடக்கிறது.

“செத்த நேரம் இருங்கம்மா” என்றேன். செத்த நேரம் ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் அவர் துணியை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பழைய ஜாக்கெட்டோடு பஸ் ஏறப் போனார். பொறவு என் பக்கமே வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டது மட்டும் என்னோடு தங்கிவிட்டது:

“உங் கண்ணுக்குச் சரியாகுத வரைக்கும் தேரை நிப்பாட்டி வைப்பாகளாம்மா?”

விஜயாவின் இடது தோள்

விஜயா மில்லில் வேலை பார்த்த பெண். இடது தோள் ஒரு விரல்கடை இறக்கம். எந்த ஜாக்கெட் போட்டாலும் அந்தப் பக்கம் சரியும். அதை இழுத்து இழுத்து விட்டே கூனிப்போயிருந்தாள். கல்யாணத்துக்குத் துணி கொடுக்கும்போது, “மேடையில ஒருநாளாவது இழுத்துவிடாம நிமிர்ந்து நிக்கணும்க்கா” என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தோளை நான்கு தடவை அளந்தேன். தோளிலேயே புத்தியை வைத்து, கையில் கோட்டை விட்டேன். முன்குடைவை மாற்றி வைக்காமல் ரெண்டு கையையும் வலது பக்கத்துக்கே வெட்டிவிட்டேன்!

சேலையோடு வந்த துணி, வேறு கிடையாது. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் முகூர்த்தம். மிஷினை மூடிவிட்டு, ‘துணியைக் கொடுத்துவிட்டுத் தொழிலையும் விட்டுருதேன்’ என்று அழுதேன். “அழுது முடிச்சிட்டு வெட்டுத்துணியத் தேடு” என்றது ரோஸக்கா. உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு கிடைத்தது. ஒரு கையை இடதுக்கு ஆகிற மாதிரி முன்பக்கம் குறைத்து, பின்பக்கம் போதாத இடத்துக்கு அக்குளில் ஒட்டு வைத்துத் தைத்தேன். என்னை வைவதற்கு அன்றைக்கு நேரமே இல்லை. என்னால் ஆனது அம்புட்டும் அதில் இருந்தது.

விஜயா வந்ததும் ஒளிக்காமல் ஒட்டைக் காட்டினேன். அவள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். ரெண்டு கையையும் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்:

“தோளு நிக்குதுக்கா! அக்குள்ள ஒட்டு இருந்தா இருக்கட்டும், நான் மேடையில கையத் தூக்கிக்கிட்டா நிக்கப்போறேன்?”

அதே ஜாக்கெட்

அதற்கப்புறம் நானும் பிரிக்காமல் இல்லை. பிரிக்கவேண்டியதை மட்டும் பிரித்தேன். சொன்ன நாளில் கொடுத்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் மிஷினை அன்றைக்கே விற்றிருப்பேன்.

தொண்ணூற்றைந்தில் விஜயா இடுப்பில் பெண் குழந்தையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வந்தாள். நாத்தனார் கல்யாணத்துக்கு அதே ஜாக்கெட்டை லூஸ் பண்ணித் தரணுமாம். அக்குள் ஒட்டைப் பார்த்ததும் எனக்குப் பழைய அரிப்பு வந்துவிட்டது. ‘இதையும் பிரித்து அழகாக்கிருதேன்’ என்று பிளேடை எடுத்தேன். அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்:

“ஐயையோ, அதுல மட்டும் கைய வைக்காதீகக்கா! பிள்ளையத் தூக்கும்போது அந்த ஒரு பக்கந்தான் அக்குள்ள பிடிக்காம இருக்கு. வலது பக்கமும் அதே மாதிரி ஒரு ஒட்டு வச்சுத் தாங்க!”

தப்பே வராமல் தைக்கவேண்டும் என்று ஆயுசு பூராவும் அடித்துக்கொண்ட என்னிடம், ஒருத்தி பஸ் ஏறி வந்து இன்னொன்று வேணும் என்று கேட்டு வாங்கிப்போன ஒரே வேலைப்பாடு அந்தத் தப்புதான். மகராசி, நல்லா இருக்கட்டும்!