கடலோரத்தில் வெட்டிய குழி

ஒரு மூங்கில் ஏணியின் உச்சிப் படிகள் இரண்டு மட்டும் குழிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கண்ணை மூடினால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

நகரமைப்பு அலுவலகத்தில் முப்பது வருடம் மற்றவர்களின் வரைபடங்களில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வுக்குப் பிறகு, மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்திய அம்மையார் என்னை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் உறங்கும் என்று தெரிந்திருந்ததே என் தகுதி. அப்போது கிழக்குக் கடற்கரையில் ஒரு கம்பெனிக்கு நான்கு மாடி அலுவலகம் வரைந்துகொண்டிருந்தோம். முகப்பு முழுக்கக் கண்ணாடி. தரைக்குக் கீழே கார் நிறுத்தமும் சாப்பாட்டுக் கூடமும்.

மண்ணைப் பார்க்கக் குழி வெட்ட வேண்டும். திருவாதவூரிலிருந்து கிணறு வெட்டுகிறவர் ஒருவரை அழைத்துப்போனோம். எங்கள் பக்கத்து மண்ணில் குழிச்சுவர் தானாக நிற்கும். மணலில் நிற்காது, பலகை அடைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும் என்ற விதி எனக்குப் பத்தி எண்ணோடு தெரியும். "எட்டடிக்குப் பலகை எதுக்கு சார்? நான் வச்சதே இல்ல" என்றார் அவர். நானும் தலையாட்டினேன். தண்ணீரிலிருந்து முப்பதடி தள்ளி இடம் காட்டியதும் நான்தான். கண்மாயில் காலையில் நிற்கும் தண்ணீர் சாயங்காலமும் அங்கேயே நிற்கும். கடலையும் அப்படியே நம்பினேன்.

பிற்பகலில், ஆறடி இறங்கியதும், குழிக்குள்ளிருந்து சந்தோஷமான குரல்: "சார், ஊத்து கண்டுருச்சு." முதல் ஊற்றை உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்ப்பது கிணறு வெட்டுகிறவர்களின் வழக்கம். குடித்தார், துப்பினார். "என்ன சார், இம்புட்டுக் கரிக்குது" என்று அண்ணாந்தார். அப்போது என் செருப்பு நனைந்தது. அலை அல்ல, கடலே சத்தமில்லாமல் ஏறி வந்திருந்தது. குழியின் ஒரு பக்கம் சரிந்து அவரை இடுப்புவரை மூடியது.

விபத்தை யாருக்கு, எந்தப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கால்தான் நகரவில்லை. அம்மையார் மணலில் குப்புறப் படுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கைய விட்றாத தாயி" என்றார் அவர், ஒரே ஒரு முறை. "சார், ஏணியை எடுத்துக் குறுக்கே போடுங்க" என்று அம்மையார் அதட்டிய பிறகே அசைந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த மூன்று பேர் ஓடிவந்து, ஏணிமேல் படுத்துக் கையால் மணலை அள்ளினார்கள். தண்ணீர் அவர் மார்பைத் தொட்டபோது கால் விடுபட்டது.

"கடல்கிட்ட குழி வெட்ட எந்த ஊர்லருந்து வாரீக?" என்று கேட்டார் அவர்களில் ஒருவர். மதுரை என்றேன்.

திருவாதவூரில் வேனைவிட்டு இறங்கும்போது கிணறு வெட்டுகிறவர் அம்மையாரிடம் சொன்னார்: "அந்தக் கீழ்க் கூடத்துல சோறு திங்க ஆள உக்கார வச்சிராதீக."

கீழ்த்தளத்தை விட்டுக்கொடுக்கக் கம்பெனிக்கு மனமில்லை. அறிக்கையில் 'எதிர்பாராத நீர்க்கசிவு' என்று போட்டால் போதாதா என்றார்கள். அந்தச் சொற்றொடரை எத்தனையோ கோப்புகளுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை, இடம் காட்டியது நான், பலகை வேண்டாம் என்றதற்கு உடன்பட்டதும் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அம்மையார் கட்டடத்தைப் பின்னால் தள்ளி, தூண்களின்மேல் தூக்கி, கீழே எதுவுமில்லாமல் மறுபடி வரைந்தார். கம்பெனி முகம் சுளித்து ஏற்றுக்கொண்டது.

இப்போது அங்கே அலுவலகம் நடக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் அங்குள்ள காவலாளிக்குப் போன் செய்கிறேன்.

"கீழே யாரும் இல்லையே?"

"கீழ வெறும் தூணுதான் சார். போன வாரமும் இதைத்தான் கேட்டீக."

சரி என்று வைத்துவிடுகிறேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிடுகிறேன்.