நைனா உயிரோடுதான் இருக்கிறார்

திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் பாதிப் பேர் சந்தனம் பூசிய தலையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். அதனால், வடநாட்டைச் சுற்றிப் பார்க்க நானும் பாவாவும், அதாவது என் அக்கா வீட்டுக்காரரும், கிளம்பியபோது நைனா போட்ட நிபந்தனை எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

“மலைக்குப் போயி ரெண்டு பேரும் மொட்ட அடிச்சிகினு கெளம்புங்க. மிச்சத்த முருகன் பாத்துப்பாரு” என்றார்.

நாற்பத்து மூன்று வயதிலும் அப்பா பேச்சைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. பாவாவுக்கு முடி இருந்ததே கொஞ்சம். அவருக்கு நஷ்டம் குறைவு. மறுநாள் சென்னையில் டெல்லி ரயில் ஏறினோம்.

நாக்பூர் தாண்டியதும் எதிர் சீட்டு அம்மாள் என் தலையைப் பார்த்தார், பாவா தலையைப் பார்த்தார், பிறகு தணிந்த குரலில் “பிதாஜி?” என்றார். எனக்குத் தெரிந்த பத்து இந்தி வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அப்பா சொல்லித்தான் அடித்துக்கொண்டீர்களா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, “ஆங், பிதாஜி” என்று தலையாட்டினேன். எல்லாம் அவர் பிடிவாதம்தான் என்று காட்ட ஒரு பெருமூச்சும் விட்டேன்.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. டப்பாவைத் திறந்து ஆளுக்கு நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் எடுத்து வைத்தார். அவர் கணவர் தன் கீழ் பெர்த்தை எனக்குக் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினார். போபாலில் ஏறியவர் கொய்யாப்பழம் நீட்டினார். ஜான்சியில் ஒரு போலீஸ்காரர் டீ வாங்கிக் கொடுத்துத் தோளைத் தட்டினார். இவ்வளவு நல்லவர்களா இவர்கள் என்று நான் உருகிக்கொண்டிருக்க, பாவா ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இளவயதில் லாரி ஓட்டியவர், இந்தி தெரியும்.

“மச்சான், இந்தப் பக்கம் மொட்ட அடிச்சிருந்தா அப்பா செத்துட்டாருன்னு அர்த்தம்டா.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“சப்பாத்தி வரும்போதே.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“உருளக்கெழங்கு நல்லா இருந்திச்சி.”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் டெல்லி மெட்ரோவில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தபோது, மறுத்துப் பேசுமளவுக்கு எனக்கு இந்தி போதாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். மற்றவர்கள் ஊருக்கு ஊர் கோட்டையும் அரண்மனையும் பார்த்தார்கள். நாங்கள் ஊருக்கு ஊர் துக்கம் விசாரிக்கும் விதத்தைப் பார்த்தோம். ஆக்ராவில் மட்டும்தான் எங்களைத் தேற்ற யாரும் வரவில்லை. பளிங்கு தாஜ்மகால் விற்கத்தான் வந்தார்கள்.

ஹரித்வாரில் கங்கையை நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு பண்டிதர் எங்களைப் பிடித்துப் படித்துறையில் உட்கார வைத்துவிட்டார். எதிரே இலையில் எள்ளும் மாவு உருண்டையும் வந்தன. அப்பா பெயர் என்ன என்று கேட்டார்.

அதுவரை விளையாட்டாக இருந்தது. நைனாவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லாமலே மூடிக்கொண்டேன். இந்த எள்ளுக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொன்னால் நிஜமாகவே ஏதாவது ஆகிவிடும் போலிருந்தது. பண்டிதர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டென்று போனை எடுத்து வீடியோ காலில் நைனாவைக் கூப்பிட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் கே.ஜி.கண்டிகை டீக்கடையில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கையில் பாதி வடை.

“என்னாடா, ஏன் அழுதுகினு கீற?”

போனைப் பண்டிதர் பக்கம் திருப்பி, “பிதாஜி” என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதறிப்போய் இலையை இழுத்துக்கொண்டார். பாவா போனைப் பிடுங்கினார்.

“ஒண்ணும் இல்ல மாமா. உங்களுக்குக் காரியம் பண்ணப் பாத்தாங்க.”

“எனக்கா? இன்னா வச்சிப் படைக்கிறாங்க?”

“மாவு உருண்டையும் எள்ளும்.”

“அவ்ளோதானா?” என்ற நைனா, வடையை ஒரு கடி கடித்தார். “ஏன் மாப்ள, நான் போனப்புறம் இவனாவது, அவ்ளோ தூரம் திரும்பி வர்றதாவது. வந்ததுதான் வந்துட்டீங்க, இப்பவே முடிச்சிட்டு வந்துடுங்க.”

டீக்கடையே சிரித்தது. பாவா அதை இந்தியில் சொன்னதும் படித்துறையும் சிரித்தது. பண்டிதர் மட்டும் சிரிக்கவில்லை. உயிரோடு இருப்பவருக்குத் தன்னால் முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, போனைப் பார்த்துக் கும்பிட்டார். நைனாவும் வடையோடு கும்பிட்டார். எங்களைத்தான் பண்டிதர் நன்றாகத் திட்டினார். பாவா அதை மொழிபெயர்க்கவில்லை.

அங்கேயே ஆளுக்கொரு குல்லா வாங்கி மாட்டிக்கொண்டோம். அமிர்தசரஸ் போகும் ரயிலில் ஒருவரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. அம்பாலா வரை கதவோரம் நின்றுகொண்டே போனோம். பொற்கோயிலில் எல்லார் தலையிலும் துணி. எங்கள் தலையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பந்தியில் தரையில் உட்கார்ந்தோம். பருப்பும் ரொட்டியும் எல்லாருக்கும் விழுந்தன, எங்களுக்கும் விழுந்தன. அந்தப் பயணத்தில் யாருக்கும் பொய் சொல்லாமல் நான் சாப்பிட்ட சாப்பாடு அது. இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டும்போது நைனா வீடியோ காலில் கூப்பிட்டார்.

“இப்ப கீற ஊர்லயாவது நான் உயிரோட கீறனா?”

“கீற நைனா.”

“சரி, சாப்புடு” என்று வைத்துவிட்டார்.