ஆண்ட்ரோமெடாவுக்குப் போன பொங்கல்

போன வருஷப் பொங்கலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அறிவியல் புத்தகம் எழுதுவது என் பிழைப்பு. கள்ளக்குறிச்சியில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, நம் பால்வீதியை விட்டுப் பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவுக்கு மனிதன் போக முடியுமா என்று ஓர் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையில் நின்று அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே பைத்தியம். மங்கலாக ஒரு தீற்றல், அவ்வளவுதான். அதன் ஒளி நம்மிடம் வந்து சேரவே இருபத்தைந்து லட்சம் வருஷம் ஆகிறது.

மணலூர்பேட்டையில் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம். அப்பா இறந்த பிறகு அவளுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோவது என் பொறுப்பு. புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, புடவை. பிறந்த வீட்டுப் பானையில்தான் அவள் பொங்கல் வைப்பாள். போகிக்கு வந்துவிடுவேன் என்று போனில் சொன்னேன். போகியன்று அத்தியாயம் சூடுபிடித்துவிட்டது. பொங்கலன்று விடிந்ததும் வருகிறேன் என்றேன். விடிந்ததும் ஒரு கணக்கு சரியாக வந்தது, விட்டு எழ மனமில்லை. சீர் சாமான் அதுபாட்டுக்கு மாடிப்படியடியில் கிடந்தது.

அந்தக் கணக்கு இதுதான். ராக்கெட்டின் வேகத்தைப் பாதி தூரம் வரை விடாமல் கூட்டிக்கொண்டே போய், மீதி தூரம் குறைத்துக்கொண்டே போனால், உள்ளே இருப்பவருக்கு முப்பது வருஷத்துக்குள் ஆண்ட்ரோமெடா வந்துவிடும். ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க அவருடைய கடிகாரம் மெதுவாகிவிடுகிறது. அவ்வளவு எரிபொருளுக்கு எங்கே போவது, வழியில் ஒரு தூசி மோதினால் ராக்கெட் என்ன ஆகும் என்பதெல்லாம் வேறு. ஆனாலும் ஓர் ஆயுளுக்குள் அடங்குகிறதே என்று துள்ளிக்கொண்டிருந்தேன்.

மணலூர்பேட்டை போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. தெருவில் எல்லார் வீட்டிலும் பொங்கிப் படைத்துச் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவியாகிவிட்டது. என் தங்கை வீட்டு வாசலில் மட்டும் கோலத்துக்கு நடுவே வெறும் செங்கல் அடுப்பு. அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். அண்ணன் வந்துகொண்டே இருக்கிறான் என்று மாமியாரிடம் சொல்லிச் சொல்லி அவள் முகம் செத்துப்போயிருந்தது.

அப்படி என்ன வேலை என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நானோ பானையைக் கையில் வைத்துக்கொண்டே ஆண்ட்ரோமெடா கதையை அளந்தேன். போகிறவனுக்கு முப்பது வருஷம்கூட இல்லை, அதற்குள் இங்கே பூமியில் இருபத்தைந்து லட்சம் வருஷம் ஓடியிருக்கும் என்றேன். அடுப்பை மூட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப போறவருக்கு கம்மி, இங்க காத்துக்கினு இருக்கறவங்களுக்குத்தான் ஜாஸ்தி. அப்டித்தானேண்ணா?"

என்ன அழகாகச் சொல்லிவிட்டாள் என்று பூரித்துப்போனேன். ஊர் திரும்பியதும் அந்த வரியை அப்படியே அத்தியாயத்தின் முடிவில் போட்டேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டேன். அது எனக்கே சொன்னது என்று உறைக்கப் பல மாதம் ஆயிற்று. உறைத்த பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பக் கை கூசுகிறது.

இந்த வருஷம் போகியன்று காலையிலேயே சீரோடு அவள் வாசலில் நின்றேன். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். உள்ளே போனால், சாமி படத்தருகே மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு புதுப்பானை ஏற்கெனவே தயாராக இருந்தது. நான் கொண்டுவந்ததைத் துடைத்துப் பரணில் ஏற்றினாள்.

"இது நானே வாங்கினேண்ணா. நீ வேல முடிஞ்சி எப்ப வேணா வா. இனிமே நான் காத்துக்கினு இருக்க மாட்டேன்."

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். காபி கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் குடித்தேன்.