ஆறு மணிக்கு முந்தைய சைக்கிள்கள்

கடைத்தெரு முனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற சைக்கிள்களை எண்ணுவதுதான் அவளுடைய வேலை. நாலு குச்சிக்கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. மூன்று வருடமாக நகராட்சிக்காக இப்படி எண்ணிக்கொண்டிருந்ததால் தெருக்காரர்கள் அவளைக் 'கோடு அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அதற்கு முன் துணிக்கடையில் பில் போட்டவள். "அங்க நின்னு கால் வலி, இங்க உக்காந்து இடுப்பு வலி. வலிக்கு இடமாற்றம் கிடைச்சிருக்கு" என்று சிரிப்பாள்.

அவள் கணவர் அதே தெரு வழியாகப் போகும் பஸ்ஸின் டிரைவர். நகராட்சி அந்தத் தெருவில் சோதனையாக ஆறு மாதத்துக்கு சைக்கிளுக்கென்று தனிப்பாதை ஒதுக்கியதிலிருந்து வீட்டில் தினமும் அதே பேச்சுதான்.

"நான் ஸ்டாப்புல ஓரம் கட்டுறப்போ சைக்கிள்காரன் நடுவுல பூந்துடறான். உயிர் தொண்டைக்கு வந்துடுது" என்பார்.

"என்கிட்ட ஏங்க கத்தறீங்க? நான் கோடு போடறவ, பாதை போடறவ இல்ல."

"நீ பேப்பர்ல போடறே, உங்க ஆபீஸ்காரங்க ரோட்டுல போட்டுட்டாங்க. அவ்வளவுதானே வித்தியாசம்?"

அந்தப் பாதை நிலைப்பது அவளுடைய எண்ணிக்கையைப் பொறுத்திருந்தது. பாதை வருவதற்கு முன் எடுத்த கணக்கைவிட சைக்கிள்கள் கால் பங்காவது கூடியிருந்தால் மேலிடத்திலிருந்து நிதி வரும், பாதை நிரந்தரமாகும், ஆஸ்பத்திரிப் பின்தெருவுக்கும் நீளும். இல்லையென்றால் பாதையைப் பிரித்துக் காட்டப் பதித்த ரப்பர் கட்டைகளைப் பிடுங்கிவிடுவார்கள். காலை எட்டிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து ஏழு. அந்த நாலு மணி நேரக் கணக்குதான் செல்லும். நாலாவது மாத முடிவில் பத்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. பிரிவு இன்ஜினியர், முப்பதைத் தொட்ட பெண், தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த வாரம் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் துணைக்குத் தங்கியிருந்தவள், விடிவதற்கு முன்பே வெந்நீர் வாங்கப் பின்வாசல் பக்கம் இறங்கினாள். அங்கே கொட்டகையில் நெருக்கியடித்துக்கொண்டு சைக்கிள்கள் நின்றன. கை தன்னால் எண்ணத் தொடங்கியது, அறுபதுக்கு மேல். சலவைப் பிரிவுச் சீருடையில் ஒரு பெண் தன் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு சீக்கிரமாவாம்மா வேலைக்கு?"

"அஞ்சரைக்கு உள்ள இருக்கணும்க்கா. முதல் பஸ்ஸே அஞ்சே முக்காலுக்குத்தான். சைக்கிளை விட்டா வேற என்ன இருக்கு?"

"எந்த வழியா வர்றீங்க?"

"கடைத்தெருதான். முன்னல்லாம் லாரிக்குப் பயந்து சந்து சந்தா சுத்துவோம். இப்ப தனியாப் பாதை இருக்குல்ல, நேரா வந்துடறோம்."

வெந்நீர் ஆறிய பிறகுதான் அவள் மேலே போனாள். "அண்ணி, வெந்நீர் வாங்கப் போனீங்களா, கிணறு வெட்டப் போனீங்களா?" என்றாள் நாத்தனார்.

வீடு திரும்பியதும் கணவரிடம் சொன்னாள். "யாரும் கேக்காத கணக்கு. உனக்கு எதுக்கு?" என்று முணுமுணுத்தாலும், மறுநாள் டெப்போவுக்குக் கிளம்பும்போது அவளுடைய நாற்காலியையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார். நாலே முக்காலிலிருந்து ஆறு வரை, மூன்று நாள் எண்ணினாள். எந்த நாளும் நூற்று அறுபதுக்குக் குறையவில்லை.

இன்ஜினியர் தாளை இரண்டு தரம் படித்தாள். "அக்கா, அருமை. ஆனா பாதை போடறதுக்கு முன்னாடி இந்த நேரத்துல எத்தனை பேர் வந்தாங்கன்னு நம்மகிட்ட கணக்கே இல்லையே. அப்பவே இருநூறு வந்திருந்தா? குறைஞ்சு போச்சுன்னு ஆயிடும்."

அவள் முகம் தொங்கிப்போனது. ஆனால் சொன்னது நியாயம்தான். அன்று மாலை எண்ணும்போது இரண்டு தரம் கோடு தப்பியது. மறுநாள் காலை நேராக இன்ஜினியரிடம் போனாள்.

"மேடம், போன வருஷத்தை இனிமே எண்ண முடியாது. ஆனா வர்றவங்களைக் கேக்கலாம்ல? முன்னாடி எந்த வழியா வந்தீங்க, எதுல வந்தீங்கன்னு. அப்புறம் பின்தெருவுல இன்னும் பாதை வரல. அங்க இப்பவே விடியற்காலையும் சேர்த்து எண்ணி வெச்சுட்டா, நாளைக்கு இந்தத் தகராறே வராது."

இன்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க ஏன்க்கா இத்தனை நாள் வாயே திறக்கல?"

"யாரும் கேக்கலையே மேடம்."

இருவரும் ஒரு பக்கக் கேள்வித்தாள் தயாரித்துப் பின்வாசலில் நின்றார்கள். பதில் சொன்ன நூற்று நாற்பது பேரில் எண்பத்து மூன்று பேர் முன்பு சந்துகளில் சுற்றி வந்தவர்கள். பத்தொன்பது பேர் நடந்தே வந்தவர்கள்.

நிதிக்குழுக் கூட்டத்துக்கு இன்ஜினியர் அவளையும் கையோடு அழைத்துப்போனாள். தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "சரிம்மா, சைக்கிளுக்கு நல்லது. பஸ்காரங்க புகார் மேல புகாரா அனுப்பறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அவங்க சொல்றது சரிதான் சார்" என்றாள் அவள். இன்ஜினியருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என் வீட்டுக்காரர் அந்த ரூட்டு டிரைவர். ஸ்டாப்புகிட்ட பாதை பஸ்ஸை மறிச்சுட்டுப் போகுது. நிழற்குடைக்குப் பின்னாடி நடைபாதை அகலமாத்தான் இருக்கு. அங்க வளைச்சு விட்டுட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

அறிக்கையில் இல்லாத யோசனை. தலைவர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். முடிவில் சோதனை ஒரு வருடம் நீண்டது. விடியற்காலைக் கணக்கும் செல்லும் என்றானது. மூன்று ஸ்டாப்புகளில் பாதையை வளைக்க ஒப்புதல் கிடைத்தது. பின்தெருவுக்குக் கேட்டதில் பாதி நிதிதான் வந்தது. பாதித் தெருவுக்காவது வந்ததே என்று அவள் திருப்தியாக வீடு திரும்பினாள்.

"நான் சொன்னேன்னு சொன்னியா?" என்றார் கணவர்.

"சொன்னேன். 'ஓர் ஓட்டுநரின் கருத்து'ன்னு எழுதிக்கிட்டாங்க."

"பேரைப் போடலையா? பரவால்ல. அந்த ஓர் ஓட்டுநர் யாருன்னு எங்க டெப்போவுக்குத் தெரிஞ்சாப் போதும்." மறுநாள் மத்தியானத்துக்குள் டெப்போ முழுக்கத் தெரிந்துவிட்டது.

வருட முடிவில் கடைத்தெருப் பாதை நிரந்தரமானது. எண்ணுவதற்கு இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்தார்கள். விடியற்காலை முறையை அவள் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடுகிறது. மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்குகிறாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் இப்படி ஒரு தூக்கம் கிடைத்ததில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.