கொட்டகை மரம் என்று வந்த கோயில்

பணக்காரர்களுக்கு அழுக்கு பிடிக்கும் என்று ஷார்ஜாவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பூச்சி அரித்த பலகையை அடுப்பில் வைப்போம். இங்கே அதே பலகையை ஐரோப்பாவிலிருந்து கண்டெய்னரில் ஏற்றிக்கொண்டு வந்து, அரித்த ஓட்டை கெடாமல் பாலிஷ் போட்டு, வில்லாக்களின் சுவரில் ஒட்டுகிறார்கள். அந்த மாதிரிப் பழைய மரத்தை அறுத்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றில்தான் எனக்கு ஃபோர்மேன் வேலை. பன்னிரண்டு வருஷமாக அந்தத் தூசியைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் ருமேனியாவின் மலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்டெய்னர் வந்தது. பேப்பரில் ‘பழைய மாட்டுக்கொட்டகை, ஓக் மரம்’ என்று இருந்தது. துபாயில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பெரிய கறி ஓட்டலுக்காக வரவழைத்தது. சுவருக்கும் மேசைக்கும் எல்லாம் இதே மரம்தான் வேண்டுமாம்.

அறுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டையையும் மெட்டல் டிடெக்டரால் தடவிப் பார்ப்போம். உள்ளே ஒரு துரு ஆணி கிடந்தால் போதும், வாளின் பல் தெறித்துவிடும். அந்த வேலை எங்கள் மெஷின்காரருடையது. கீழக்கரைக்காரர், ரூமில் எனக்குப் பக்கத்துக் கட்டில், எல்லோருக்கும் அவர் பாய். அன்று பத்து மணி வாக்கில் டிடெக்டரைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

“அண்ணே, இது செத்துப்போச்சான்னு பாருங்க. காலையிலேர்ந்து ஒரு சத்தம் குடுக்கல.”

என் சாவிக்கொத்தை அருகில் காட்டினேன். வீல் என்று கத்தியது. மெஷினில் கோளாறு இல்லை. மரத்தில்தான் இரும்பு இல்லை. அத்தனை கட்டையையும் ஆணிக்குப் பதில் மர முளை அடித்தே சேர்த்திருந்தார்கள். எனக்குச் சந்தேகம் அங்கே தொடங்கியது. மாட்டுக்கொட்டகைக்கு எவன் இவ்வளவு மெனக்கெடுவான்?

கட்டைகளின் முனைகளைப் பார்த்தேன். கொட்டகைக்கு நாலு மூலை, எல்லாம் நேர் மூலை. இதில் பத்துப் பன்னிரண்டு கட்டைகளின் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒரு பக்கத்துச் சுவர் மட்டும் ஐந்தாக மடிந்து வளையும். எங்கள் ஊர் மாதா கோயில்களில் பீடத்துக்குப் பின்னால் அப்படித்தான் வளையும். அடியில் குப்புறக் கிடந்த பலகை ஒன்றைப் பாய் புரட்டினார். அதில் வரைந்த, தாடி வைத்த ஒரு முகம், பெரிய கண்கள், ஆசீர்வதிக்கத் தூக்கிய ஒரு கை. மெழுகுவத்திப் புகை படிந்து முகமே கறுத்திருந்தது.

“யா அல்லாஹ்... இது அவங்க கும்புட்ட எடம்லண்ணே” என்றார் பாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானமும் செத்தவனுக்குப் பூசையும் நடந்த இடத்தைக் கொட்டகை என்று எழுதி விற்க அந்த ஊரில் ஒருத்தனுக்குக் கை வந்திருக்கிறதே! அங்கிருந்தவர்கள் எங்களை மாதிரி வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போய்விட்டார்களோ, ஊரே காலியாகிவிட்டதோ, யாருக்குத் தெரியும். அந்தக் கோயிலின் தூசி என் வாயில் ஒட்டியிருப்பது மாதிரி, எனக்கு அந்தக் கணமே வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது.

ஒவ்வொரு முனையிலும் உளியால் போட்ட வெட்டுகள் இருந்தன. ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, குறுக்கு வெட்டு. ஒரு வெட்டுள்ள முனை இன்னொரு ஒற்றை வெட்டு முனையோடுதான் சேரும். பிரித்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் நிறுத்துவதற்காகவே போட்ட அடையாளம் அது. தச்சுவேலை தெரிந்த எவனுக்கும் புரியும். ஞாயிற்றுக்கிழமை லீவில் நானும் பாயும் ஃபோர்க்லிஃப்ட்டை எடுத்து, பட்டறை முற்றத்தில் அடி வரிசைக் கட்டைகளை அந்த வெட்டுகளின்படி பரப்பினோம். மத்தியானத்துக்குள் முழுத் தரையும் வந்துவிட்டது. பன்னிரண்டு அடி வைத்தால் வாசலிலிருந்து பீடத்துக்குப் போய்விடலாம். அவ்வளவு சின்னக் கோயில். வாசல் நிலையில் முறுக்கிய கயிறு மாதிரிச் செதுக்கியிருந்தான் அந்த ஊர்த் தச்சன். மிச்சக் கட்டைகளையும் அடையாளம் பார்த்து எண்ணினோம். ஒன்றும் குறையவில்லை. அப்படியே எழுப்பி நிறுத்திவிடலாம்.

வாசல் கட்டையைத் தாண்டும்போது பாய் செருப்பைக் கழற்றினார். நான் சேஃப்டி ஷூவோடு உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். சென்னைக்காரர், சின்ன வயதிலேயே துபாய்க்கு வந்துவிட்டவர்.

“நிறுத்தி என்ன பண்ணப் போறீங்க? சரி, ஒண்ணு பண்ணலாம். வியாழக்கிழமை ஓட்டல் டிசைனர் மேடம் வராங்க. அவங்க வேணாம்னுட்டா, அனுப்பின பார்ட்டிக்கே மெயில் போட்டு முழுசா திருப்பி எடுத்துக்கச் சொல்றேன். வேணும்னுட்டா கலாஸ், முடிஞ்சுது, அதுக்கப்புறம் பேசக் கூடாது. ஓக்கேவா?”

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா! உண்மையைச் சொன்னால் போதுமே. எங்கள் வீட்டில் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுக்கும் ஓலையைக்கூடக் குப்பையில் போட மாட்டோம். மந்திரித்தது என்று படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு எரிக்கக் கொடுப்போம். பீடத்துப் பலகையில் தட்டு வைத்துக் கறி தின்ன எந்த மனுஷனுக்குத் தொண்டையில் இறங்கும்? அந்த மூன்று நாளும் நான் ரொம்பத் தெம்பாகத் திரிந்தேன்.

டிசைனர் வந்தாள். கறுப்புக் கண்ணாடி, கையில் போன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். இது கொட்டகை இல்லை மேடம், கோயில். ஜனங்கள் முழங்காலில் நின்று அழுத இடம். இந்த இடத்தில்தான் சவப்பெட்டியை வைப்பார்கள். பயப்படட்டும் என்று சவப்பெட்டியை நான் இரண்டு தடவை சொன்னேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கட்டையின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, “புல்லரிக்கிறது! இதை ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை?” என்றாள்.

அடிப் பாவி! என் வாயில் சனி. அதற்குப் பிறகு அவளை நிறுத்தவே முடியவில்லை. கதையை அப்படியே மெனு கார்டில் போட வேண்டுமாம், சவப்பெட்டி உட்பட. புகைக் கறையைத் துடைக்கவே கூடாதாம். வாசல் கட்டை, மது மேசைக்கு அடியில் கால் வைத்துக்கொள்ள. தாடிக்காரப் புனிதர் பாத்ரூமுக்கு. வாஷ்பேசினுக்கு மேலே அடியிலிருந்து லைட் கொடுத்தால் கை கழுவுகிறவர்களை அவர் பார்த்துக்கொண்டே இருப்பாராம். சீ! இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நன்றி வேறு சொன்னாள். மேனேஜர் என் தோளில் தட்டி, “செம சேல்ஸ்மேன் நீங்க” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அறுக்கச் சொன்னபோது பாய் மெஷினை ஆஃப் செய்துவிட்டு விலகி நின்றார்.

“என்னால ஆவாதுண்ணே. அறுத்த கையால எப்படிச் சோறு திங்கிறது?”

“உனக்கென்ன பாய்? உங்க பள்ளிவாசலா இது?” என்று எரிந்து விழுந்தேன். வெட்கத்தில் வந்த கோபம் அது.

“எங்களுது இல்லதான். உங்களுதாச்சே, உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?”

மேனேஜர் அவரைக் கதவு செக்‌ஷனுக்கு மாற்றினார். நான் மெஷினைப் போட்டேன். விசா இருக்கிறது, மகளின் கல்லூரி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் பாய்க்கும் விசா இருந்தது, அவருக்கு மூன்று பிள்ளைகள். முதலில் முனைகளை வெட்டித் தள்ள வேண்டும். மேசைக்கு முனை உதவாது. அந்த வெட்டுகள் போட்ட முனைகள் ஒவ்வொன்றாகக் குப்பைத் தொட்டியில் விழுந்தன. பத்தாவது முனை விழுந்தபோதே அந்தக் கோயில் இனி எந்த ஊரிலும் எழும்பாது என்று ஆகிவிட்டது. ஒரு ஆணிகூட இல்லாததால் வாள் எங்கேயும் திணறவில்லை. பலகையிலிருந்து சாம்பிராணியும் மெழுகும் கலந்த ஒரு வாசனை கிளம்பியது. நான் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டேன்.

ஓட்டலில் பலகை பொருத்தவும் நான்தான் போனேன். அதற்குள் சமையலறையில் சோதனைக்கு மாட்டுக்கறி வாட்ட ஆரம்பித்திருந்தார்கள். புனிதரை இரண்டு குழாய்களுக்கு நடுவில் திருகாணி போட்டு முடுக்கினேன். உயர்த்திய கைக்கு நேர் கீழே சோப்புப் புட்டி. வேலை முடிந்ததும் நானும் அங்கேயேதான் கை கழுவினேன். வேறு குழாய் இல்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, கர்மம், எந்த முகத்தோடு பார்ப்பது?

அந்த வாரம் தமிழ்ப் பூசைக்குப் போனேன். நற்கருணை நன்மை வாங்க வரிசையில் நின்றுவிட்டுப் பாதியில் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பாய் என்னோடு சண்டை போடவில்லை. ஒரே ரூமில்தான் இருக்கிறோம், மீன் குழம்பு வைத்தால் எனக்கும் ஊற்றுகிறார். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது.

ஓட்டல் திறந்து ஒரு மாதம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம், பாய் எனக்கு எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் போனுக்கு மேனேஜரிடமிருந்து மூன்று படங்கள் வந்தன. மூன்றும் மலைப்பக்கத்துப் பழைய மரக் கட்டடங்கள். ஒன்றிலும் சிலுவை இல்லை, மணி இல்லை. ‘கஸ்டமர் சர்ச் மரம்தான் கேட்கிறார்கள். இதில் எது சர்ச்? உங்களுக்குத்தான் தெரியும்’ என்று கீழே எழுதியிருந்தார்.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினேன். கட்டடத்துக்குப் பின்னால், புல்லுக்குள், சாய்ந்த மரச் சிலுவைகள் நாலைந்து தெரிந்தன. கல்லறைகள். அதில் ஒன்றின் மேல் யாரோ வைத்த பூ இன்னும் வாடாமல் இருந்தது.

‘இரண்டாவது சார்’ என்று தட்டி அனுப்பினேன். கட்டைவிரல் படம் உடனே வந்தது. சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.